கருங்கல், காரை, நாற்று: டெல்டாவை வரைய புரோகிரியேட் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

காவிரி டெல்டாவில் கட்டடத்தை மட்டும் தனியாக வரைந்தால் படம் பாதியில் நின்றுவிடும். தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிப் புது ஆறு ஓடுகிறது. தரங்கம்பாடியில் 1620-ல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டைக்கு முன்னால் கடற்கரை மணல். கிராமத்து ஓட்டு வீடு என்றால் வாசலைத் தாண்டினால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். கட்டடமும் நிலமும் ஒரே படத்தில் சேரும்போது கருங்கல், சுண்ணாம்புக் காரை, ஓடு, சேற்றுத் தண்ணீர், நாற்று என்று ஐந்தாறு மேற்பரப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். ஒவ்வொன்றும் அதனதன் சொரசொரப்போடு நிற்க வேண்டும், ஒன்று மற்றொன்றைத் தின்னக் கூடாது. இந்த வேலைக்கு ஐபேடின் புரோகிரியேட் செயலி எப்படி என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம். கார்ட்டூன், அனிமேஷன் பக்கம் போகவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேற்பரப்பை வரைவதில் இது அருமையான கருவி. கட்டடத்தின் கணக்கை, அதாவது நேர்கோடு, அளவு, விகிதம் ஆகியவற்றைப் போடுவதில் சுமார்தான். இன்னொன்றும் உண்டு. செயலியோடு வரும் கல், சுவர், புல் பிரஷ்களை அப்படியே எடுத்து வரைந்தால் படம் எந்த ஊராகவும் இருக்கும், டெல்டாவாக இருக்காது. நம் ஊர்ச் சுவரிலிருந்தே பிரஷ் செய்துகொள்ள இது தரும் வசதிக்காகத்தான் இதை வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் உள்ள சாவேஜ் இன்டராக்டிவ் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட செயலி இது. ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஐபேடில் மட்டும்தான் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட், விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு வழியில்லை. ஐபோனுக்குத் தனியாக ஒரு சிறிய பதிப்பு இருக்கிறது, ஆனால் அந்தத் திரையில் கோயில் விமானத்தின் (கருவறைமேல் எழும் கோபுரத்தின்) நிலைகளை, அதாவது அடுக்குகளை, வரைவது வீண் சிரமம். செயற்கை நுண்ணறிவு கொண்டு படம் உருவாக்கும் வசதியைச் சேர்க்கப்போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. கையால் வரைபவர்களுக்கு அது நிம்மதியான செய்தி.

செயலியைவிடப் பென்சிலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆப்பிள் பென்சில்களில் யூஎஸ்பி-சி என்ற பெயரில் வரும் மலிவான மாடலுக்கு அழுத்தம் தெரியாது. சாய்வு தெரியும், ஆனால் லேசாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் கோடு ஒரே மாதிரிதான் விழும். டெக்ஸ்சர் வேலையில், அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பைக் கொண்டுவருவதில், பாதி அழுத்தத்தில்தான் இருக்கிறது. காரை உதிர்ந்த ஓரத்தில் பிரஷ் மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும், அது அழுத்தம் தெரியாத பென்சிலால் ஆகாது. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, புரோ ஆகிய மூன்றில் உங்கள் ஐபேடுக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள். எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடிலும் வேலை செய்யாது. கடையில் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

கேன்வாஸ் அளவை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஏ3 தாளில் அச்சுக்குப் போகும் படம் என்றால் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 4961 × 3508 பிக்சல். ஏ4 போதும் என்றால் 3508 × 2480. கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக எத்தனை லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தளம்) வைக்கலாம் என்ற உச்சவரம்பு இறங்கும். அது ஐபேடின் ரேம் அளவைப் பொறுத்தது. ஆக்ஷன்ஸ் மெனுவில் கேன்வாஸ் தகவலைத் திறந்தால், மொத்தம் எத்தனை லேயர், இதுவரை எத்தனை போயிற்று என்று தெரியும். நிலமும் கட்டடமும் சேர்ந்த படத்துக்கு 25 லேயராவது கையில் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாகக் காட்டினால் ஏ4-க்கு இறங்கிவிடுவது நல்லது. பாதி வேலையில் லேயர்களை அவசரமாக ஒன்றாக்க நேர்ந்தால், பிறகு காரையைத் தொட்டால் செங்கல்லும் சேர்ந்து வரும்.

கணக்கு வேலை

டிராயிங் கைடில் பெர்ஸ்பெக்டிவ் என்று ஒரு பகுதி இருக்கிறது. மறைபுள்ளி (தூரம் போகும் இணைகோடுகள் ஒன்றுசேர்வதாகத் தெரியும் புள்ளி) ஒன்று, இரண்டு, மூன்று வரை வைக்கலாம். கேன்வாஸைச் சுருக்கிவிட்டு அதற்கு வெளியேயும் புள்ளி வைக்கலாம். டெல்டாவுக்கு இது கட்டாயம் வேண்டும். நிலம் தட்டையாக இருப்பதால் கோயிலைப் பெரும்பாலும் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். தூரத்துக் கட்டடத்தின் மறைபுள்ளிகள் படத்துக்கு வெகு தொலைவில் போய் விழும். இரண்டையும் கேன்வாஸுக்குள்ளேயே வைத்துவிட்டால் விமானம் மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் பாய்வது போல வரும். ஆரம்பநிலைப் படங்களில் அடிக்கடி காணும் பிழை இதுதான்.

அடுத்த பிழை அடிவானக் கோட்டில். வரப்பில் நிற்பவரின் கண் மட்டம் ஐந்தடி சொச்சம். சமதரையில் எவ்வளவு தூரம் போய் நின்றாலும் அடிவானம் அந்த மட்டத்திலேயேதான் கட்டடத்தை வெட்டும். அதாவது சுமார் 60 மீட்டர் உயர விமானத்தில் அடிவானம் அதிட்டானத்தின் (அடிப்பீடத்தின்) அருகே, வெகு கீழே போகும். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு நிலையிலும் கபோதத்தின் (வெளியே நீளும் வளைந்த கூரை விளிம்பின்) அடிப்பக்கம்தான் நம் கண்ணுக்குத் தெரியும். மேல்பக்கம் தெரியாது. டிரோன் படத்தைப் பார்த்து நிலைகளின் மேல்தளத்தையும், வரப்பில் நின்று பார்த்து வயலையும் வரைந்தால் இரண்டும் ஒரே படத்தில் ஒட்டாது. எவ்வளவு அழகான டெக்ஸ்சர் போட்டாலும் அந்த ஒட்டாமை மறையாது.

நிழலுருவத்தை முதலில் ஒரே நிறத்தில் நிரப்பிப் பாருங்கள். 1010-ல் முதலாம் இராசராசன் முடித்த தஞ்சை விமானத்தின் சரிவு கிட்டத்தட்ட நேர்கோடு. அவன் மகன் கொள்ளிடத்துக்கு வடக்கே கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் உள்வாங்கி வளைந்து ஏறும். இந்த வித்தியாசம் நிழலுருவத்திலேயே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

சிம்மெட்ரி கைடு ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானே வரைந்துகொள்ளும். கோபுரத்தின் கோட்டு வேலைக்கு இது பெரிய வரம். ஆனால் கோட்டோடு நிறுத்திவிட வேண்டும். டெக்ஸ்சரையும் கண்ணாடி பிம்பமாகப் போட்டால் நடுக்கோட்டின் இருபுறமும் கறைகள் ஜோடி சேர்ந்து, கல்லில் முகங்கள் தெரியத் தொடங்கும். வெளிச்சமும் ஒரு பக்கம்தானே விழுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதில் வெக்டர் கோடு கிடையாது. போட்ட கோட்டைப் பிறகு பிடித்து இழுத்துத் திருத்த முடியாது. அழித்துவிட்டுத் திரும்பத்தான் போட வேண்டும். கோட்டின் முடிவில் பென்சிலை எடுக்காமல் அப்படியே பிடித்தால் நேர்கோடாக மாறும், உடனே என்றால் சற்றுத் திருத்தவும் முடியும், அவ்வளவுதான். துல்லியமான வெட்டுமுகமோ அளவு வரைபடமோ வேண்டும் என்றால் அதைக் கட்டட வரைபட மென்பொருளில் போட்டு, படமாக உள்ளே கொண்டுவந்து, அதன்மேல் வரைவதே சரி.

சொந்தக் கிரெய்ன்

புரோகிரியேட்டின் உண்மையான பலம் பிரஷ் ஸ்டூடியோ. ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் இரண்டு படங்கள் அடிப்படை. ஒன்று நுனியின் வடிவமான ஷேப், மற்றொன்று உள்ளே தெரியும் பொடிப்பான கிரெய்ன். இரண்டையும் நம் புகைப்படத்தைக் கொண்டு மாற்றலாம்.

கூடவே வரும் இண்டஸ்ட்ரியல் தொகுப்பில் கான்கிரீட், துரு மாதிரியான பிரஷ்கள் இருக்கின்றன. தொழிற்சாலைச் சுவருக்கு நன்றாக இருக்கும். ஆயிரம் ஆண்டு மழை பார்த்த கருங்கல்லுக்குப் பொருந்தாது. கருங்கல்லில் உளி கொத்திய புள்ளிகள் இருக்கும். மழைநீர் வழிந்த கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே இறங்கும். அதற்கு நடுவே தேய்ந்து வெளுத்த இடம். கான்கிரீட்டின் சீரான பொடிப்பு இதில் எதையும் காட்டாது.

ஆகவே சுவரைப் படம் எடுக்க வேண்டும். நேர் எதிரே நின்று, கேமராவைச் சாய்க்காமல் எடுங்கள். கல்லின் மேடுபள்ளம் வேண்டும் என்றால் வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரம் நல்லது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கிழக்கு பார்த்த கோயிலின் தெற்குச் சுவரில் காலை வெயில் அப்படித்தான் விழும். காரைச் சுவர் என்றால் மேகமூட்டமான நாளே மேல், கறை மட்டும் பதிவாகும்.

கிரெய்ன் செய்யும் முறை இது. 2048 × 2048 சதுரக் கேன்வாஸில் படத்தைப் போட்டு நிறத்தை முழுதாக நீக்குங்கள். இனி வெளிச்ச ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்த வேண்டும். ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும் படத்தைக் கிரெய்ன் ஆக்கினால், சுவர் முழுக்க அந்த வெளுப்பும் கறுப்பும் கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்ப வரும். லேயரை நகலெடுங்கள். நகலுக்குக் காசியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் வசதி) பலமாகக் கொடுங்கள், கறைகள் கரைந்து வெளிச்சத்தின் போக்கு மட்டும் மிஞ்சும் அளவுக்கு. அதை இன்வெர்ட் செய்து (கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி) ஒபாசிட்டியை, அதாவது லேயரின் அடர்த்தியை, 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். வெளிச்ச வேறுபாடு அடிபட்டுப்போய், சாம்பல் தளத்தில் பொடிப்பு மட்டும் நிற்கும். இரண்டையும் ஒன்றாக்கி, வெளிச்ச அளவைத் திருத்தும் கர்வ்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் விலக்கிக் கூர்மையாக்குங்கள்.

இந்தப் படத்தைக் கிரெய்ன் எடிட்டரில் இறக்கியதும் ஆட்டோ ரிப்பீட் கொடுங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்வதை அங்கேயே பார்க்கலாம். பார்டர் ஓவர்லாப்பைக் கூட்டினால் இணைப்பு மறையும். பெயிண்ட் விழ வேண்டிய இடமும் விழக் கூடாத இடமும் தலைகீழாக இருந்தால் இரு விரல்களால் ஒரு தட்டு தட்டுங்கள், மாறிவிடும்.

பிறகு டெக்ஸ்சரைஸ்டா, மூவிங்கா என்ற தேர்வு. டெக்ஸ்சரைஸ்டு என்றால் கிரெய்ன் கேன்வாஸோடு ஒட்டி அசையாமல் இருக்கும். மூவிங் என்றால் கோட்டோடு சேர்ந்து நகரும். சுவர், கல், தரை எல்லாவற்றுக்கும் டெக்ஸ்சரைஸ்டு. இலை, வைக்கோல், கீற்றுக்கு மூவிங். டெக்ஸ்சரைஸ்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் அதே பள்ளங்கள்தான் நிரம்பும், புதிய புள்ளிகள் வராது. ஆகவே அதே பிரஷ்ஷை நகலெடுத்து, கிரெய்னைச் சுழற்றி, அளவையும் சற்று மாற்றி இரண்டாவது பிரஷ்ஷாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பூச்சு ஒன்றால், இரண்டாவது பூச்சு மற்றொன்றால் என்று போட்டால் கட்டம் கட்டமான திரும்பல் உடைந்துவிடும்.

ஓட்டுக் கூரைக்கு வேறு வழி. நாட்டு ஓடு ஒன்றின் வடிவத்தையே ஷேப்பாக வைத்து, ஸ்பேசிங்கை (வடிவங்களுக்கு இடையிலான தூரத்தை) ஓடுகள் லேசாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அளவுக்கு விலக்கி, ஒவ்வொரு பதிவின் நிறத்தையும் சற்று மாற்றும் ஸ்டாம்ப் கலர் ஜிட்டரில் வெளிச்சத்தை 12 சதவீதம் போலவும் நிறத்தை 3 சதவீதம் போலவும் வையுங்கள். ஒரு கோடு இழுத்தால் ஒரு வரிசை ஓடு, ஒவ்வொன்றும் சிறிது வேறு நிறத்தில் விழும். நிற ஜிட்டரை இதற்கு மேல் ஏற்றினால் கூரை திருவிழாப் பந்தல் ஆகிவிடும். இரண்டு மூன்று இடத்தில் ஓடு சரிந்திருப்பதையும், இறவாரத்தின் நுனியில் பாசி கறுத்திருப்பதையும் கையாலேயே போடுங்கள்.

காரை உதிர்ந்த திண்ணைச் சுவர்

செயலியை எடைபோட ஒரே ஒரு சோதனை போதும் என்றால் அது இந்தச் சுவர்தான். லேயர், மாஸ்க், சொந்தப் பிரஷ் மூன்றும் இதில் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

சுவரின் வெளிவடிவத்தை ஒரே நிறத்தில் நிரப்பிய லேயர் அடியில் இருக்கட்டும். மற்ற எல்லாம் அதன்மேல் கிளிப்பிங் மாஸ்க்காக, அடி லேயரின் வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி, வரும். அப்போதுதான் எவ்வளவு தாராளமாகப் பிரஷ் ஓட்டினாலும் சுவரைத் தாண்டாது. முதலில் செங்கல். பழைய வீடுகளின் செங்கல் இன்றைய சூளைச் செங்கல்லைவிடத் தட்டையானது. வரிசையும் அவ்வளவு நேராக இருக்காது. அதன்மேல் பழைய பூச்சு ஒரு லேயர், நீலம் கலந்த சுண்ணாம்பு நிறம். அதற்கும் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு லேயர். மேல் இரண்டுக்கும் தனித்தனியே லேயர் மாஸ்க் கொடுங்கள். அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும்.

அழிப்பானைத் தொடாதீர்கள். மாஸ்க்கில் கறுப்பு நிறத்தால், நீங்கள் செய்த காரை பிரஷ்ஷைக் கொண்டு தேயுங்கள். அதிகமாக உதிர்ந்துவிட்டால் வெள்ளையால் திரும்பப் பூசலாம். எங்கே உதிர வேண்டும் என்பதில்தான் கவனம். மண்ணிலுள்ள ஈரம் செங்கல் வழியே மேலே ஏறி, சுவரின் முகத்தில் வந்து காயும்போது உப்பு படிந்து காரையைத் தள்ளுகிறது. அதனால் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரைதான் உதிர்வு அதிகம், மேல் எல்லை ஏறி இறங்கி அலை போல் போகும். அடுத்து ஜன்னல் கட்டையின் மூலைகள், அடுத்து இறவாரத்துத் தண்ணீர் தெறிக்கும் பட்டை. சுவரின் நட்டநடுவில் காரணமில்லாமல் ஒரு பெரிய உதிர்வைப் போட்டால் பார்ப்பவர்கள் ஏனென்று சொல்லத் தெரியாமலே நம்ப மறுப்பார்கள். வெள்ளையை அதிகமாகவும் நீலத்தை அதைவிடக் குறைவாகவும் தேய்த்தால் இரண்டு உதிர்வுகளுக்கும் நடுவே நீலம் ஒரு மெல்லிய கரையாகத் தெரியும். அந்தக் கரை வந்ததும் சுவருக்கு வயது வந்துவிடும்.

கடைசியாகக் கனம். வெள்ளை லேயரை நகலெடுத்து, நகலில் மாஸ்க்கை லேயரோடு இணைத்து, ஆல்ஃபா லாக் (ஏற்கெனவே நிறம் உள்ள இடத்தில் மட்டும் பூசவிடும் பூட்டு) போட்டு, கரும்பழுப்பு நிரப்புங்கள். அதை மூல லேயருக்குக் கீழே தள்ளி, வெளிச்சம் வரும் திசைக்கு எதிராக 3, 4 பிக்சல் நகர்த்தி, கீழுள்ளதைக் கறுக்கவைக்கும் மல்டிப்ளை கலப்பு முறையில் 45 சதவீதம் வையுங்கள். காரையின் உடைந்த விளிம்பு செங்கல்மேல் நிழல் போடும். ஏ3 அளவுக்கு 4 பிக்சல் போதும். 10 வைத்தால் சுவரில் அட்டை ஒட்டியது போல் இருக்கும்.

இவ்வளவும் சுவரை நேர் எதிரே பார்த்தபடி செய்யுங்கள். கிரெய்ன் எப்போதும் திரைக்கு இணையாகத்தான் படியும், சுவர் சாய்ந்து போகிறது என்று அதற்குத் தெரியாது. எல்லாம் முடிந்ததும் ஒரு நகலை ஒன்றாக்கி, டிரான்ஸ்ஃபார்மில் டிஸ்டார்ட் எடுத்து நான்கு மூலைகளையும் பெர்ஸ்பெக்டிவ் கோட்டில் பொருத்துங்கள். இன்டர்போலேஷன் (பிக்சல்களை மறுபடி கணக்கிடும் முறை) பைக்யூபிக்கில் இருக்கட்டும். இதை ஒரே முறையில் முடியுங்கள். ஒவ்வொரு முறை இழுத்து விடும்போதும் பிக்சல்கள் மறுபடி கணக்கிடப்படும், மூன்றாவது முறையில் பொடிப்பு குழைந்து மாவாகிவிடும். மூலத்தைத் தனிக் குழுவாக மறைத்து வைத்திருந்தால் தப்பு நேர்ந்தாலும் மறுபடி எடுக்கலாம்.

வயலும் தண்ணீரும்

ஆர்கானிக் தொகுப்பின் புல் பிரஷ்கள் பெரிய இதழ்களாக விழும். அவற்றை வயல் முழுக்க அடித்தால் அடிவானத்து நாற்றும் காலடி நாற்றும் ஒரே உயரத்தில் நின்று, வயல் செங்குத்தான புல்வேலியாகிவிடும். வயலை மூன்று பட்டையாகப் பிரியுங்கள். காலடியில் உள்ள கால்வாசிக்கு மட்டும் தனித்தனி நெல் தாள்கள். நடுப்பட்டையில் குட்டையான செங்குத்துக் கீறல்கள், வரிசைகள் மறைபுள்ளியை நோக்கிப் போகட்டும். தூரத்துப் பட்டையில் வெறும் நிறமும், கிடைவாக இழுத்த மெல்லிய கிரெய்னும் போதும். பட்டைகளுக்கு நடுவே வரப்பு வரும். மாற்றத்தை மறைக்க அதைவிட நல்ல இடமில்லை.

பருவத்தைத் தெரிந்துகொண்டு வரைய வேண்டும். நடவு முடிந்த புதிதில் வயல் பச்சையை விட வானத்தைத்தான் அதிகம் காட்டும், நாற்றுக்கு நடுவே எல்லாம் தண்ணீர். தூர் கட்டியபின் தண்ணீர் மறைந்து முழுப் பச்சை. சம்பா தை மாதத்தில் அறுப்புக்கு வரும்போது பொன்னிறம். படத்தில் தை மாதத்துச் சாய்ந்த வெயிலும் புதிய நடவும் சேர்ந்து வந்தால் விவசாயி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிடுவார்.

நடவு வயலில் விமானத்தின் பிம்பத்தை வரைவது பலருக்கும் ஆசை. கட்டட லேயர்களின் நகலை ஒன்றாக்கி, செங்குத்தாகத் திருப்பி, மேலும் கீழுமாக லேசான மோஷன் பிளர் கொடுத்து, கிடைக் கோடுகளால் ஆங்காங்கே கிழித்துவிட வேண்டும். அதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். எங்கிருந்து திருப்புவது என்பதில்தான் தவறு. பிம்பம் தொடங்கும் இடம் வயலின் விளிம்பல்ல, விமானம் தரையைத் தொடும் மட்டம். இடையில் மரங்களும் வரப்பும் இருப்பதால் பிம்பத்தின் அடிப்பகுதி அவற்றின் பிம்பத்தில் மறைந்துவிடும். நமக்கு அருகிலுள்ள தண்ணீரில்தான் உச்சியும் கலசமும் தெரியும். விமானம் படத்தில் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழத்துக்குக் கீழே தண்ணீர் இருந்தால்தான் கலசம் வரும், இல்லையென்றால் வராது. அப்படியே விட்டுவிடுங்கள். சுருக்கி உள்ளே திணித்தால் பொய்யாகத் தெரியும்.

தூரம் போகப் போகக் கிரெய்னின் அளவும் குறைய வேண்டும், கறுப்பு வெள்ளை வேறுபாடும் குறைய வேண்டும். ஒரே அளவு கிரெய்னைப் படம் முழுக்க ஓட்டுவதுதான் டெக்ஸ்சர் படங்களைக் கெடுக்கும் முதல் காரணம். முன்னாலுள்ள திண்ணைச் சுவரின் கிரெய்ன் அளவு 100 என்றால், ஒரு மைல் தொலைவிலுள்ள கோபுரத்துக்கு 15, 20 கூட அதிகம். அங்கே சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரையாமல் நிழல் புள்ளிகளாக வைத்தால் போதும். வானத்துக்கு டெக்ஸ்சர் தேவையே இல்லை என்பது எங்கள் துணிபு. சொரசொரப்பான சுவர் சொரசொரப்பாகத் தெரிய, பக்கத்தில் வழவழப்பான ஓர் இடம் வேண்டும். படத்தை முடித்தபின் மேலே ஒரு காகித டெக்ஸ்சரை ஓவர்லே என்ற கலப்பு முறையில் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்றால் அதைவிட மென்மையான சாஃப்ட் லைட்டில் 10 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

வெயிலும் வியர்வையும்

வயல் வரப்பில் ஐபேடை வைத்து நேரில் வரைவது நடைமுறைக்கு ஒத்துவராது. 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்குத்தான் ஐபேட் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் திரை முதலில் மங்கும், பிறகு சூடு தணியட்டும் என்ற எச்சரிக்கையோடு நின்றுவிடும். நேரில் காகிதக் கிறுக்கலும் புகைப்படமும், வரைவது நிழலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வியர்த்த உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டும், சுண்டுவிரலை மூடும் வரைகையுறை ஒன்று போதும். காகிதம் போன்ற மேட் ஃபிலிம் பிடிமானம் தரும், ஆனால் பென்சில் நுனியை வேகமாகத் தேய்க்கும். மாற்று நுனி கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

வேறு எதைப் பார்க்கலாம்

ஐபேட் இல்லாதவர்கள் கிரிட்டாவைத் தயங்காமல் எடுக்கலாம். இலவசம், திறந்த மூலநிரல், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். அதன் ராப்அரவுண்ட் வசதியில் ஓரங்கள் தானாக இணைந்த டெக்ஸ்சரை நேரடியாகவே வரையலாம். இந்த ஒரு விஷயத்தில் புரோகிரியேட்டை விட வசதி அதிகம். ஆனால் அமைப்புகள் ஏராளம், பழக நாள் பிடிக்கும். கோட்டு வேலைதான் முக்கியம் என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட்டில் வெக்டர் லேயரும் பெர்ஸ்பெக்டிவ் ரூலரும் இருக்கின்றன. கட்டடக்கலை மாணவர்களுக்கு அதுவே பொருத்தம், ஐபேடில் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். மேற்பரப்பில் கை தோய வரைய விரும்புபவர்களுக்குப் புரோகிரியேட்.

அச்சும் பாதுகாப்பும்

அச்சகம் சிஎம்ஒய்கே (நான்கு மை அச்சுக்கான நிறமுறை) கேட்டால் கேன்வாஸ் தொடங்கும்போதே அந்த நிறத்தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். நாற்றங்காலின் இளம்பச்சை திரையில் ஜொலிக்கும் அளவுக்கு மையில் வரவே வராது. அதைத் திரையிலேயே கொஞ்சம் மஞ்சள் பக்கம் இறக்கி வரைந்துவிட்டால் அச்சில் அதிர்ச்சி இருக்காது. அதிக நிறங்கள் கொண்ட டிஸ்ப்ளே பி3 நிறத்தொகுப்பில் வரைந்த படம் மற்றவர் கணினியில் வெளிறிப்போகலாம். பகிர்வதற்கு மட்டும் என்றால் பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி போதும். அச்சகத்துக்கு டிஃப் கோப்பாகக் கொடுங்கள். ஜேபெக்கில் முதலில் அடிபடுவது நீங்கள் பாடுபட்டுப் போட்ட பொடிப்புத்தான்.

செயலி 250 படி வரை பின்னால் போக விடும். ஆனால் படத்தை மூடி கேலரிக்குத் திரும்பியதும் அந்த வரலாறு போய்விடும். பெரிய மாற்றம் செய்யும் முன் கேலரியில் படத்தை ஒரு நகல் எடுத்துவிடுங்கள். படங்கள் எல்லாம் ஐபேடுக்குள்ளேயே இருக்கின்றன. இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினால் அவையும் சேர்ந்து போகும். வாரம் ஒரு முறை புரோகிரியேட் கோப்பாகவே வெளியே எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். பிஎஸ்டி-யாக எடுத்தால் லேயர்கள் பிரிந்தே இருக்கும், ஃபோட்டோஷாப்பில் திறக்கும். சொந்தமாகச் செய்த பிரஷ்களையும் தனியாகச் சேமிக்க மறக்காதீர்கள். இடிக்கப்போகும் சுவரிலிருந்து எடுத்த கிரெய்ன் என்றால் அதைத் திரும்ப எடுக்க வழியே இருக்காது.